வழக்கமான தந்தி

என் மாமியார் நான்கு வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை, சாகக் கிடந்தார். நான்கு தடவையும் கார்த்திகை மாதத்தில்தான். நான்கு தடவையும் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தவள் நான். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

"இன்னாமே, போயிட்டேனா?" என்று கேட்பார்.

"இன்னும் சீரியஸ்தான் அத்தை."

"அப்ப கொஞ்சம் கொழம்பு ஊத்து. தெம்பா கெடக்கறேன்."

எங்கள் வீட்டில் பொய் பேசுகிற வழக்கம் கிடையாது. இந்த ஒரு பொய் மட்டும் இருந்தது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு வாசிப்பேன். எழுத்துக் கூட்டி எழுதுவேன். அதனால் மெதுவாகத்தான் சொல்ல வரும்.

மலைமேல் கார்த்திகை தீபம் ஏற்றுகிற உரிமை எங்கள் சனத்துக்கு உண்டு. ஏரியில் வலை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் நாங்கள். கடலைப் பார்க்காத மீன்காரர்கள். ஊரெல்லாம் கீழே நின்று கும்பிடும்போது கொப்பரையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் எங்கள் ஆண்கள்தான். நெய், காடாத் துணித் திரி, கற்பூரம் எல்லாம் சுமந்து போவார்கள். தீபம் பதினோரு நாள் எரியும். வகையறா வகையறாவாக முறை வைத்துக்கொண்டு ஏறுவார்கள். எங்கள் வீட்டு முறைக்கு என் வீட்டுக்காரர் மேலே நிற்க வேண்டும். அவர் ஒரே பிள்ளை. அவருடைய அப்பா நின்ற இடம், அதற்கு முன்னால் தாத்தா நின்ற இடம். கல்யாணமாகி வந்த புதிதில் குழாயடியில் யாராவது என்னை ஒரு வார்த்தை கூடச் சொன்னால், "மலை ஏறுற வூட்டு மருமவ நான்" என்று சொல்லிவிட்டு என் குடத்தை முதலில் வைப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இன்றைக்கும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

எழுபதுகளில் மழை இல்லாமல் ஏரி காய்ந்தது. வலையைச் சுருட்டி மூலையில் போட்டோம். எலி கடித்தது. அப்போதுதான் தெற்கே கடற்கரையில் கரி போட்டுக் கரண்டு எடுக்கிற ஸ்டேஷன் ஒன்று கட்டப் போகிறார்கள், கூலிக்கு ஆள் வேண்டும் என்று காண்டிராக்டருடைய ஆள் ஊருக்கு வந்தான். என் வீட்டுக்காரர் ஒரு துண்டும் ஒரு லுங்கியும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு பகல் ஒரு இரவு பயணம். அங்கே போனால் மணல், உடைமரம், எட்டின மட்டும் உப்பளம். வேறு ஒன்றும் இல்லையாம். "ஒதுங்க ஒரு கூரை கெடையாது. எங்கடா கரண்டுன்னு கேட்டேன். குழி தோண்டு, வரும்னான்" என்று முதல் வருஷம் வந்தபோது சொன்னார்.

காண்டிராக்ட் ஆளுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. வேலைக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள். தீபத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டால் மேஸ்திரி சிரித்தானாம். "உன் ஊர்ல நீ வெளக்கு ஏத்தலைன்னா சாமி கோவிச்சுக்கிடுமோ?" என்றானாம். ஆனால் ஆள் கணக்கு எடுக்கிற டைம் ஆபீசுக்குத் தந்தி வந்தால் விடுவார்கள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்த ஆளைத் தடுக்க யாருக்கும் மனசு வராது. அங்கே பாதி ஆட்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மா சாகக் கிடந்தாள்.

முதல் வருஷம் தந்தி கொடுக்கலாமா என்று மாமியாரிடம் கேட்கவே எனக்குக் கூச்சம். பெற்றவளைச் சாகக் கிடத்துவது எப்படி? அவரே சொன்னார். "குடுமே. தந்தி குடுத்தா சாவு வருமா? சாவு வர்றதா இருந்தா தந்தி குடுக்காமயே வரும்."

அப்படி வருஷத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரர் வந்தார். வரும்போதெல்லாம் அந்த ஸ்டேஷன் கொஞ்சம் வளர்ந்திருக்கும். நானும் மாமியாரும் அதன் கதையை அவர் வாயால்தான் தெரிந்துகொண்டோம். முதல் வருஷம் குழி. இரண்டாம் வருஷம் புகைபோக்கி. இரவும் பகலும் நிறுத்தாமல் கான்கிரீட் போட்டுக்கொண்டே போனார்களாம். நிறுத்தினால் ஒட்டாதாம். உயரம் போகப் போக ஆட்கள் தலை சுற்றி இறங்கிவிட்டார்களாம். இவர் மட்டும் நின்றார். "எந்த ஊருலே நீ?" என்று கேட்டிருக்கிறார்கள். "மலை ஏறுற காலுங்க" என்றாராம். அன்றிலிருந்து அங்கே அவரைத் தீபக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார். எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் வருஷம் பாய்லர். அதைத் தரையில் உட்கார வைப்பதில்லை, மேலிருந்து தொங்கவிடுவார்கள் என்றார். சூடேறினால் அது நீளுமாம். நீளுவதற்குக் கீழே இடம் விட வேண்டுமாம். மாமியார் நம்பவில்லை. "இரும்பு வளருதா? நீ எதையாச்சும் குடிச்சிட்டு வந்தியா நைனா?" என்றார். நான்காம் வருஷம் கப்பலில் கரி வந்தது. முதல் அடுப்பைப் பற்றவைத்தார்கள். எங்கேயோ வடக்கே வெட்டின கரி, கடல் சுற்றி வந்து, ரப்பர் பட்டையில் ஊர்ந்து போய், மாவாக அரைபட்டு, காற்றில் ஊதி எரிகிறது என்றார். அடுப்புப் பக்கம் ஹெல்பராக அவரைப் போட்டார்கள்.

அதற்கடுத்த கோடையில் என்னையும் மாமியாரையும் கூட்டிப்போய்க் காட்டினார். மாமியார் அதற்கு முன் ரயில் ஏறினதில்லை. கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு, "எதிர்க்கரையே காணோமே. இதுல வலைய எந்தப் பக்கத்திலேந்து இழுக்கறது?" என்றார். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஏறி யாரு ஏத்தனது?"

"மேல ஏத்தறது இல்லமா. அடுப்பு கீழ. மேல பொகைதான் போவும்."

"நெருப்ப கீழ வெச்சிட்டுப் பொகைய மலைக்கு ஏத்தறீங்களா? நம்மூருக்குத் தலைகீழாடா இருக்குது." பக்கத்தில் நின்ற ஆட்களெல்லாம் சிரித்தார்கள். "அணையவே அணையாதா?" என்று கேட்டார்.

"அணைய வுடக்கூடாது. அதுக்குத்தான் எங்களுக்கு சம்பளம்."

"பதினோரு நாளு ஆனா கூட?"

"பதினோரு வருசம் ஆனா கூட."

வாசலில் லாரியிலிருந்து சிந்தின சாம்பல் கிடந்தது. சலித்த திருநீறு மாதிரி அத்தனை நைசாக இருந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் மாமியார் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். "அது கரிச் சாம்பல்மா" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். "என் புள்ள எரிச்ச சாம்பல்தானே" என்றார் மாமியார். துடைக்கவில்லை. திரும்பி ரயில் ஏறுகிறவரை அது நெற்றியில் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு மாமியாருக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு பல்பு. சாயங்காலம் விளக்குப் போட்டதும் கும்பிடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவர் பல்பைப் பார்த்துக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், "ஏத்திட்டான்" என்பார். கரண்டு போனால், "ஒண்ணுக்குப் போயிருப்பான், வந்துருவான்" என்பார்.

ஐந்தாம் வருஷம் அதிசயமாகத் தீபாவளிக்கு இரண்டு நாள் விட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்தார். முகம் கொடுத்தே பேசவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்.

"இந்த வருசம் மலைக்கு நான் வரல. தம்பி போவட்டும்."

தம்பி என்றது என் சின்ன மாமனாரின் மகனை, எனக்குக் கொழுந்தன். அடுத்த வீட்டில் இருந்தார்.

"ஏங்க?"

"பர்மனென்ட் லிஸ்ட் எடுக்கறாங்க. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் ஆள் இருக்கானான்னு பாக்கறாங்க. எவன் ஆப்சென்டோ அவன் பேரு போச்சு. பேரு இருந்தா குவார்ட்டர்ஸ். நீயும் அம்மாவும் வந்துடலாம்."

"நாலு நாள் வந்துட்டுப் போனா பேரு போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப போவட்டும். மலை முறை உங்க தாத்தா காலத்துலேந்து வருது. அத இன்னொருத்தர் கையில குடுத்துட்டு அங்க இன்னா அடுப்பு ஊதப் போறீங்க?"

"முறைய வெச்சிகினு நீ சோறு பொங்கிடுவியா?"

மாமியார் குறுக்கே வந்தார். "அவன் சொல்றதும் ஞாயந்தானே. மலை எங்கயும் போவாது. வேலை போயிடும்."

மாமியார் அவர் பக்கம் பேசினது எனக்குப் பொறுக்கவில்லை. "நான் தந்தி குடுப்பேன். நீங்க வந்துதான் ஆவணும்" என்றேன்.

"குடு. ஒண்ணுக்கு நூறா குடு. டைம் ஆபீசுல தோரணம் கட்டி வுடறேன்."

"போன தபா டைம் ஆபீசுல எனக்கு நெஞ்சுவலின்னு சொன்னியாமே" என்றார் மாமியார். "இந்தத் தபா வயித்துப் போக்குன்னு சொல்லி வெக்காத. மானம் போவும்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பஸ் ஏறப் போகும்போதும் அவர் திரும்பி, "தந்தி குடுக்காத. குடுத்தாலும் வரமாட்டேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சும்மா இருந்ததை, கொடுப்பேன் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். என்னைத் தெரிந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையில் நான் கொடுப்பதாக இல்லை. குவார்ட்டர்ஸ் என்று அவர் சொன்ன சொல் எனக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. ஐந்து வருஷமாக அவர் துணியை நான் துவைத்ததே வருஷத்துக்கு நான்கு நாள். கொழுந்தனைக் கூப்பிட்டு, "இந்த வருசம் நீங்க ஏறுங்க" என்று சொல்லியும்விட்டேன். அதை அவருக்கு ஒரு கடுதாசி போட்டுச் சொல்லியிருக்கலாம். விட்டுக்கொடுத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. முறை முடிந்த பிறகு தானே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் கொடி ஏறின அன்று காலை மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணிவிட்டது. இடது கை கால் விழுந்துவிட்டது. கொழுந்தனும் நானும் மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார். மூன்று நாளோ நான்கு நாளோ, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்.

கொழுந்தன் மாமியாரை வீட்டுக்குக் கொண்டுபோக, நான் அங்கிருந்தே தபாலாபீசுக்கு நடந்தேன். திருவிழாக் கூட்டம். தந்திக் கவுன்டரில் எனக்கு முன்னால் ஐந்தாறு பேர், பின்னால் அதற்கு மேல். அந்தக் குமாஸ்தாவுக்கு என்னைத் தெரியும். நான்கு வருஷமும் அவர்தான் இங்கிலீஷில் எழுதி அடித்தவர். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"கொடி ஏறினதும் வந்துட்டீங்களா? வழக்கம் போலத்தானேம்மா?"

இந்தத் தடவை நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜம் என்றால் முன்னால் கொடுத்த நான்கும் பொய் என்று என் வாயால் சொன்னதாகும். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நானாகச் சொன்னதில்லை. பின்னால் எங்கள் தெரு ஆட்கள் நின்றார்கள். மலை ஏறுகிற வீட்டு மருமகள் வருஷா வருஷம் கள்ளத் தந்தி கொடுத்தாள் என்று நாளைக்குக் குழாயடியில் பேசுவார்கள். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் தோன்றியது. அதோடு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அம்மாவுக்கு சீரியஸ், உடனே புறப்படு. நிஜத்துக்கும் அதே சொல்தானே? வேறு என்ன இருக்கிறது எழுத?

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னை இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. எழுதத் தொடங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் தந்தி போயிருக்கும், என் வீட்டுக்காரர் நாளைக்கு ரயில் ஏறுவார், நாளை மறுநாள் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மாமியாருக்குப் பேச்சு இல்லை. பால் ஊற்றினால் பாதி வழிந்துவிடும். ஆனால் கண் நடமாடியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கண் அங்கே போகும். "வராரு அத்தை. தந்தி குடுத்துட்டேன்" என்றேன். அந்தக் கோணின வாயில் அவர் சிரித்த மாதிரி இருந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொழுந்தன் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் இரண்டு தடவை போய் வந்தார்.

"அண்ணி, அண்ணன் நம்பலியோ?"

"ஏன் நம்ப மாட்டாரு?"

"மலைக்குத்தான் கூப்படறீங்கன்னு நெனச்சிருந்தாருன்னா? நெஜம்னு போட்டு இன்னொரு தந்தி குடுத்துடலாம் அண்ணி."

"ரயிலு தவறியிருக்கும். நாளைக்கு வந்துடுவாரு."

அவர் சொன்னது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்ததைக் கொழுந்தன் வாயால் கேட்டது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் அப்போதே எழுந்து தபாலாபீசுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

அன்று சாயங்காலம் விளக்குப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. அரிக்கேன் எடுக்கப் போவதற்குள் வந்துவிட்டது. மாமியார் பல்பைப் பார்த்தார். நல்ல கை எழுந்தது. நெஞ்சுக்குப் போக வேண்டும். பாதி தூரம் போய் அப்படியே நின்று, பிறகு பாயில் விழுந்தது. நான் அந்தக் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தேன்.

நான்காம் நாள் விடிந்ததும் போய்விட்டார்.

எங்கள் தெரு, சாமி புறப்பாடு போகிற வீதியை ஒட்டின தெரு. கொடி ஏறினால் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சாமி வெளியே வரும். பிணம் கிடக்கிற தெருப் பக்கம் சாமி வராது. எடுத்த பிறகுதான் வரும். தெருப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவசரப்படுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றார்கள். "வெளியூர்லேந்து வரவேண்டியவங்க யாராச்சும்..." என்று ஒருவர் இழுத்தார். ஊரே எங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தது. கோபுர வாசலில் மேளம் தயாராக நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாள் வைத்திருங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பேன்? சாமிக்கு வழி விடாத வீடு என்ற பெயரா எடுப்பேன்?

"எடுத்துடுங்க" என்றேன்.

கொழுந்தன் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளிச் சட்டியைத் தூக்கினார். பாடை தெருவைத் தாண்டின பிறகு வீட்டைக் கழுவிவிட்டேன். சற்று நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. சாமி போயிற்று. நான் வெளியே வரவில்லை.

சாயங்காலம் தபாலாபீசுக்குப் போனேன். என் ஈரத் தலையையும் புடவையையும் குமாஸ்தா பார்த்தார். "மாமியார் தவறிட்டாங்கன்னு அடிங்க" என்றேன். பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்தார்.

"நெஜமாவாம்மா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனுஷன்.

இரண்டாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். அதற்குள் சுடுகாட்டில் பால் தெளித்து எலும்பு பொறுக்கியாகிவிட்டது. தெருமுனையிலேயே கொழுந்தனின் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டார். கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. உள்ளே வந்து, மாமியார் படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே, அதன் எதிரில் உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொத தந்தி நெஜமா?"

"நெஜங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். தந்தி. ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

"பிரிக்கல" என்றார். "டைம் ஆபீசுல சிரிச்சிகினே குடுத்தானுங்க. தீபக்காரனுக்குத் தீபம் வந்துடுச்சுன்னானுங்க. நானும் சிரிச்சேன்."

என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. அன்றைக்கு அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேனோ என்னவோ.

தீட்டு வந்ததால் பங்காளிகள் ஒருவரும் அந்த வருஷம் மலை ஏற முடியவில்லை. கொழுந்தனும்தான். எங்கள் முறைக்கு வேறு வகையறா ஏறினார்கள். எங்கள் ஊரில் மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவோம். அன்றைக்கு அவரும் நானும் புழக்கடையில் நின்றோம். மேலே தெரிந்தது. சுற்றிலும் அத்தனை வீட்டிலும் விளக்கு வந்தது. எங்கள் வீடு இருட்டாக இருந்தது.

கருமாதி முடித்துவிட்டுப் போனார். தை பிறந்து லிஸ்ட் வந்தது. அவர் பெயர் இருந்தது. சாவுக்காக விட்ட நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். தவறிவிட்டார் என்ற இரண்டாவது தந்தியை டைம் ஆபீசில் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்களாம். அப்படியானால் முதல் தந்திக்கே வந்திருந்தாலும் பெயர் இருந்திருக்கும். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த கார்த்திகைக்கு வகையறாப் பெரியவர் கடுதாசி போட்டுக் கூப்பிட்டார். தந்தி தேவையில்லை, பர்மனென்ட் ஆளுக்கு லீவு உண்டு. அவர் ஊருக்கு வந்தார். பெரியவர் முன்னால் நின்று, "அம்மாவுக்குக் கொள்ளி வெக்காத கை. மலைக்கு வெக்காது. தம்பி பேருக்கு எழுதிடுங்க" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். எதற்கும் வாய் திறக்கிறவள் நான். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த முறைக்காக அவரோடு தீபாவளி அன்றைக்கு மல்லுக்கட்டினேனோ, அது அப்படிக் கைமாறியது.

பிறகு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். எண்பதுகளில் பெரும்பாலும் நான் அந்தக் கடற்கரையில்தான் இருந்தேன். இரண்டாவது அடுப்பு வந்து, மூன்றாவதும் வந்தது. மாடத்தில் காலையில் துடைத்தால் மத்தியானம் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். வீட்டுக்கு நான்கு பல்பு. சாயங்காலம் போடும்போது நான் கும்பிடுவதில்லை. அவர் அடுப்புப் பக்கமே வேலை பார்த்தார். நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார், நல்ல பெயர் எடுத்தார். ஆனால் வீட்டில் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. பீடியை விட்டார். ஸ்டவ் பற்றவைக்கச் சொன்னாலும், "நீயே வெச்சிக்க" என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அங்கே வந்த முதல் கார்த்திகை. சூரியன் இறங்கியதும் அந்த வரிசையில் எல்லா வீட்டுப் பெண்களும் அகல் ஏற்றினார்கள். நான் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்துவிட்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பக்கத்து ஊர்க்காரி.

"ஏங்க்கா, இன்னும் ஏத்தலியா?"

"எங்கூர்ல மலையில தெரிஞ்சப்புறம்தான் ஏத்துவோம்."

"இங்க மலைக்கு எங்க போவிய?" என்று சிரித்தாள். "அந்தா நிக்குல்லா, அந்தப் புகைக்கூண்டப் பாத்து ஏத்துங்க."

நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. மேலே புகை போயிற்று. உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அவர் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தார். எங்கள் ஊர் இருக்கிற வடக்குப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தீப்பெட்டி படியில் இருந்தது. குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அதை என் கையில் கொடுத்தார்.

"இந்நேரம் தம்பி ஏத்தியிருப்பான்" என்றார். "நீ ஏத்து."

நான் ஏற்றினேன். முதல் அகல் காற்றில் அணைந்தது. இரண்டாவது தடவை அவர் இரண்டு கையையும் குவித்து மறைப்புக் கொடுத்தார். கை நெருப்புக்குக் கிட்டத்தில் இருந்தது. தொடவில்லை.